வீட்டுக்காரி வாடகைக்கு வருகிறாள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஒரு பட்ஜெட் என் கைக்கு வந்தது.

அரசாங்கத்தினுடையது அல்ல. அதை முப்பத்தைந்து வருடம் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், உட்கார்ந்து படித்துக் கையெழுத்து வைத்தவன் நான். அதில் எதுவும் என்னை ஆச்சரியப்படுத்தியதில்லை. இது கொப்பித் தாளில், அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, கூர்ப் பென்சிலால் எழுதிய ஒரு மாதச் செலவுத் திட்டம்.

எழுதியவள் பெயர் சுகந்தி. வயது இருபது. ஊர் மண்டூர். நகரத்தில் படவரைஞர் படிப்பு — அதாவது, வீடுகளுக்குப் பிளான் கீறுகிற படிப்பு. ஆரையம்பதியில் என் வீட்டு முன்னறை, மகன் வெளிநாடு போன நாளிலிருந்து காலி. அதைக் கேட்டு வந்திருந்தாள். கூடவே அவளுடைய தாய் — கையில் ஒரு பன்பை, முகத்தில் 'முடியாது' என்ற முடிவு.

ஏன் வீட்டை விட்டு வர வேண்டும்? வரைபடத்தில் பார்த்தால் தூரம் ஒன்றும் பெரிதில்லை. வாவியைக் கடந்தால் பஸ். பஸ் ஏறினால் நகரம். ஆனால் இந்தக் காலத்தில் வரைபடத்தைப் பார்த்து யார் பயணம் போகிறார்கள்? அந்தக் கரையில் துப்பாக்கியோடு ஒருவர் விசாரிப்பார். இந்தக் கரையில் இன்னொருவர் விசாரிப்பார். வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மற்றவர்களுக்குப் பரவாயில்லை. இவளோ சுருட்டிய பிளானோடு போகிறவள்!

"ஆமிக்காரங்க விரிச்சுப் பாத்திட்டு 'மொகத மே' எண்டு கேட்டாங்க ஐயா. இது என்ன எண்டு, சிங்களத்தில. கக்கூஸ் எண்டன். நம்பல்ல."

"உண்மையிலேயே கக்கூஸ்தானா?"

"ஓம் ஐயா. முதலாம் வருசம் அதுதான் கீறத் தாறது. அவங்கட பெரியவர் வந்து தலகீழாப் பிடிச்சுப் பாத்தார். குழி என்னத்துக்கு இவ்வளவு ஆழம் எண்டு கேட்டார்..."

என் மனைவி தேத்தண்ணியைச் சிந்திவிட்டாள். சுகந்தி சிரிக்கவில்லை. அன்று அவள் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது வரவு இடாப்பு மூடியாகிவிட்டது. அப்படிப் பல நாட்கள். வரவு போதாது என்று ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்துவிட்டது. இன்னொன்று வந்தால் பரீட்சை எழுத முடியாது. கடிதத்தையும் காட்டினாள். முறைப்படி எழுதப்பட்ட, இரக்கமில்லாத, நல்ல கடிதம். நானே எழுதியிருந்தால்கூட ஒரு சொல்லையும் மாற்றியிருக்க மாட்டேன்.

சரி, பட்ஜெட்டுக்கு வருவோம். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டேன். பழக்கதோஷம்.

வாடகை, மண்ணெண்ணெய், பஸ், வரைதாள். சவுக்காரம் — ஒரு கட்டி, 'இரண்டாக வெட்டி' என்று அடைப்புக்குள். உடுப்பு — பூச்சியம். அதற்குக் கீழே ஒரு தலைப்பு: 'றோட்டு பூட்டும் நாள் — மாதம் நாலு.' எதிரே பிஸ்கட், சீனி, மெழுகுதிரி.

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

எத்தனை மதிப்பீடுகள் என் மேசையைத் தாண்டிப் போயிருக்கின்றன! மழைக்கு ஒதுக்கீடு உண்டு, விருந்தினர் தேநீருக்கு ஒதுக்கீடு உண்டு. ஹர்த்தாலும் சுற்றிவளைப்பும் மாதம் தவறாமல் வருகின்றன. அவற்றுக்கென்று ஒரு வரி ஒதுக்க எங்களில் எவருக்காவது தோன்றியதா? ஒவ்வொரு முறையும் 'எதிர்பாராத செலவு' என்றே எழுதினோம். இருபது வயதுப் பிள்ளை அதை எதிர்பார்த்து எழுதியிருக்கிறாள்.

ஆனாலும் விடுவேனா? "பிள்ளை, வெளியாள் வந்து தங்கினால் பொலிசில் பதிய வேண்டும். தெரியுமா?"

"நாலு படம் எடுத்திட்டன் ஐயா. எங்கட ஊர் விதானையார்ட கடிதமும் இரிக்கி."

"எத்தனை பிரதி?"

"மூண்டு. ஒண்டு உங்களுக்கு. நீங்க கேப்பீங்க எண்டு சென்னாங்க."

யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. மனைவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாக வரவுப் பக்கம். படிப்புக்குக் கிடைக்கும் உதவிப்பணம். மாலையில் இரண்டு பிள்ளைகளுக்கு ரியூசன். மூன்றாவது: 'மண்டூர் வீடு — கிழமைக்கு ஏழு கொத்து அரிசி.' பிடித்துவிட்டேன்! வரவென்றால் அது எந்த இனத்தில் வருகிறது என்று எழுத வேண்டாமா? நன்கொடையா? கடனா?

"இது என்ன இனம், பிள்ளை?"

"பொறுங்க ஐயா," என்றாள், தாயைப் பார்த்து.

அதுவரை வாய் திறக்காத தாய் அப்போதுதான் தொடங்கினார்.

"நீங்களே செல்லுங்க ஐயா. இது ஆருக்கு அடுக்கும்? அந்த வீடு இவளுக்கெண்டு கட்டினது. இவள்ட அப்பா வயல் வட்டைக்குள்ள கிடந்து, ஒவ்வொரு போகத்துக்கும் ஒரு சுவரா எழுப்பினவர். நாளைக்கு மாப்பிள்ளை வந்தா அந்த வீட்டுக்குத்தானே வாறது? வீட்டுக்காரி வீட்டை விட்டுப்போட்டு ஆக்கள்ட வீட்டில வாடகைக்குக் கிடக்கிறதா? சனம் சிரிக்கும்."

இது நியாயமான ஆட்சேபணை. வெளி மாவட்ட வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண்வீட்டுக்குக் குடிவருவார். பெற்றோர் அந்த வளவிலேயே ஒரு சின்ன வீட்டைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். அந்த வழக்கத்துக்கு எதிராக எந்தச் சுற்றறிக்கையையும் நான் கண்டதில்லை.

சுகந்தி தாயை எதிர்த்துப் பேசவில்லை. ஓமென்று தலையாட்டினாள்.

"வீடு எனக்குத்தானே அம்மா?"

"உனக்கில்லாம வேற ஆருக்கு?"

"இப்ப அதில ஆரு இரிக்கிறது?"

"நானும் அப்பாவும்."

"அப்ப வாடகை தாங்கவன்."

தாய் பன்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"அதுதான் ஐயா அந்த ஏழு கொத்து," என்றாள் என்னிடம், மிகப் பணிவாக. "வாடகை இனம்."

எனக்குத் தெரிந்த அத்தனை விதிகளையும் மனதுக்குள் புரட்டினேன். வீட்டு உறுதிப்பத்திரம் இன்னும் மகள் பெயரில் எழுதப்படவில்லை என்ற ஒரு சின்ன ஓட்டை இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். மனைவி பார்த்த பார்வையில் திரும்ப விழுங்கினேன்.

தாய் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார். அவர் எவ்வளவு படித்தவர் என்று எனக்குத் தெரியாது. ஆனால் விரல் சரியாக அந்த வரியில்தான் நின்றது.

"ஏழு கூடிப்போச்சு," என்றார். "அஞ்சுதான் தருவன்."

"என்னம்மா..."

"என்ன என்னம்மா? அடுப்படிக் கூரை ஒழுகுது. வாடகை வாங்கிற வீட்டுக்காரி கூரையத் திருத்தித் தரணுமா இல்லையா? செல்லுங்க ஐயா!"

தரத்தான் வேண்டும். அதுதான் சட்டம். சொன்னேன்.

சுகந்தி தாளைத் திரும்ப வாங்கினாள். ஏழை அழித்து ஐந்தாக்கினாள். செலவுப் பக்கத்தின் அடியில் புதிதாக ஒரு வரி எழுதினாள்: 'அடுப்படிக் கூரை — வேலை கிடைத்த முதல் மாதம்.' தாய் அதை எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பன்பையை என் மனைவியிடம் நீட்டினார்.

"முதல் கிழமை அஞ்சு கொத்து. அளந்து பாருங்க அக்கா."

மனைவி அளந்தாள். ஏழு இருந்தது.

ஆக, வரும்போதே அவர் சம்மதத்தையும் பையில் போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறார். முகத்தில் இருந்த 'முடியாது' வெறும் நடைமுறை. அதைக்கூட இனங்காணத் தெரியாமல் நான் முப்பத்தைந்து வருடம் கோப்புப் பார்த்திருக்கிறேன்!

ஞாயிற்றுக்கிழமை சுகந்தி குடிவருகிறாள். பதிவுப் படிவத்தைச் செவ்வாய்க்கிழமையே எழுதத் தொடங்கினேன். 'வீட்டு உரிமையாளர்' என்ற இடத்தில் வழக்கம்போல என் பெயரை எழுதிக்கொண்டிருந்தபோது, பின்னால் மனைவியின் குரல்.

"இஞ்சருங்க... பெட்டியோட இந்த வீட்டுக்கு வந்தது நீங்களா, நானா?"

நாற்பது வருட வாடகை நிலுவையைத் தவணை முறையில் கட்ட எந்தப் படிவம் என்று தெரிந்த வாசகர்கள் எழுதலாம் — மனைவி கண்ணில் படாமல்.