வஜ்ராசனத்தில் முந்நூறு எண்ணியது

புதுச்சேரி சாரம் பகுதியில் என் தங்கை வீட்டிலிருந்து பால் பூத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு அடி. அந்தத் தூரத்துக்குள் ஆறு பேராவது என் முகத்தை விட்டுவிட்டு முழங்காலுக்குக் கீழே பார்க்கிறார்கள். பாரிசை ஒட்டிய எங்கள் ஊரில் இருபத்தெட்டு வருடங்களாக நடக்கிறேன், ஒருவரும் பார்த்ததில்லை. குளிருக்கு அங்கே எல்லோர் காலும் மூடித்தான் இருக்கும். இங்கே கைலியைத் தூக்கிக் கட்டியதும், தோல் நிறத்தில் காலை இறுக்கும் மருத்துவக் காலுறை தெரிந்துவிடுகிறது. "இன்னாண்ணா, இந்த வெயில்ல காலுக்கு உறை போட்டுகினு? ஃபுட்பால் ஆடப் போறியா?" என்று தங்கை சிரிக்கிறாள்.

எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அங்கே தபால் பிரிக்கும் நிலையத்தில் இருபத்தாறு வருடம் நின்றே வேலை பார்த்தேன். நரம்பு சுருட்டிக்கொண்டது. பிரெஞ்சில் 'வாரீஸ்' என்பார்கள். இடது காலில் நான்கு முடிச்சு, வலது காலில் இரண்டு. ஆழத்தில் ரத்தம் கட்டி அது நுரையீரலுக்கு ஏறிவிட்டால் ஆபத்து என்று அங்குள்ள மருத்துவர் ஒருமுறை சொன்னார். அன்றிலிருந்து தினமும் காலையில் முடிச்சுகளைத் தொட்டு எண்ணிய பிறகுதான் எழுந்திருக்கிறேன்.

யூரோ வந்து நான்கைந்து வருடம் ஆகியிருக்கும். அப்போது புதுச்சேரிக்கு வந்திருந்த விடுமுறையில்தான் கடற்கரைப் பக்கம் ஒரு யோகா வகுப்பில் சேர்ந்தேன். கற்றுக்கொடுத்தவர் பிரான்சுக்காரப் பெண்மணி. பன்னிரண்டு வருடமாகப் புதுச்சேரியில் இருப்பவர், சேலைதான் கட்டுவார். எல்லோருக்கும் அவர் 'மாதாம்'. நான் பிரெஞ்சில் பேசினால் அவர் தமிழில் பதில் சொல்வார். வந்திருந்த பதினோரு பேரில் உள்ளூர்க்காரன் நான் மட்டுமே. "உடம்புல கோளாறு இருந்தா இப்பவே சொல்லுங்க" என்று மாதாம் கேட்டார். வெள்ளைக்காரர்கள் முதுகு, கழுத்து என்று வரிசையாகச் சொன்னார்கள். என் முறை வந்தபோது ஒன்றுமில்லை என்றேன். காலுறையை வாசலிலேயே கழற்றிப் பைக்குள் திணித்திருந்தேன். இந்த ஊரில் பிறந்தவன், யோகாவுக்குப் பயப்படுவதா?

வஜ்ராசனம் வந்தது. மண்டியிட்டுக் குதிகால் மேல் உட்கார வேண்டும். நூறு எண்ணுவதற்குள் பலர் காலை நீட்டிவிட்டார்கள். "பாருங்க, ஊர்க்காரர் எப்படி உக்காந்திருக்காரு!" என்றார் மாதாம். பத்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அதன் பிறகு எப்படி நீட்டுவது? முந்நூறு வரை எண்ணினேன். எழுந்தபோது இடது கால் என்னுடையதாக இல்லை.

மறுநாள் காலை கெண்டைக்காலில் மூன்றாம் முடிச்சு தடித்துச் சூடாக இருந்தது. பாரிசுக்குத் திரும்ப இன்னும் ஆறு நாள்தான். விமானத்தில் பத்தரை மணி நேரம் உட்கார வேண்டும். அங்கே என் மனைவிக்குக் கண் அறுவை சிகிச்சை. நான் போய்க் கையைப் பிடித்துக்கொண்டால்தான் படுப்பேன் என்று சொல்லியிருந்தாள். ஆட்டோவில் கதிர்காமம் பக்கத்து மருத்துவமனைக்குப் போகும் வழியெல்லாம் என் மூச்சை எண்ணிக்கொண்டே போனேன். நிமிடத்துக்கு இருபத்திரண்டு.

ஸ்கேன் எடுத்த டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதிருக்கும். "பயப்படாதீங்க ஐயா, எங்கயும் ரத்தம் கட்டல. அழுத்தத்துல வீங்கியிருக்கு. வீக்கம் வத்தட்டும், கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவ வந்து காட்டிட்டுப் போங்க."

"யோகாவை விட்டுவிடவா?"

"யோகா இன்னா பண்ணுச்சு? மண்டி போட்டே உக்காராதீங்க. சம்மணமும் ரொம்ப நேரம் வேணாம். மூச்சைப் புடிச்சுகினு முக்காதீங்க. கணுக்கால அசைச்சுகினே இருங்க. மொதல்ல சொல்லிக் குடுக்கறவங்ககிட்ட உண்மையச் சொல்லுங்க."

நான்கு நாள் கழித்து வீக்கம் வற்றியது. மறுபடியும் காட்டினேன், காலுறை போட்டுக்கொண்டு விமானம் ஏறலாம், மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்க வேண்டும் என்றார். அன்று மாலையே மாதாமிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. "ஏன் மறைச்சீங்க?"

"வெட்கமாக இருந்தது."

"என்கிட்டயே தமிழர் வேஷமா?" என்றவர், முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "நானும் பன்னெண்டு வருஷமா அந்த வேஷம்தான் போடறேன். தரையில உக்காந்து உக்காந்து என் முட்டி போச்சு" என்று சொல்லி ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

என்னைத் தரையில் மல்லாந்து படுக்கச் சொன்னார். இரண்டு கால்களையும் சுவரில் சாய்த்து நிறுத்தச் சொன்னார். எண்ணத் தொடங்கினேன். அறுபதில் கனம் குறைந்தது. நூற்றிருபதில் வலியே இல்லை. பாதங்கள் இரண்டும் எந்த ஊரையும் தொடாமல் மேலே நின்றன.

"போதும், எறக்குங்க" என்றார் மாதாம்.

இறக்கப் பயமாக இருந்தது. இன்னும் இருபது எண்ணிக்கொள்கிறேன் என்றேன்.