சார்வாள் காரும் மூன்றாவது தள்ளும்

கார் எலக்ட்ரீசியன் தொழிலில் நல்லதும் கெட்டதும் ஒன்றுதான்: கரண்ட் கண்ணுக்குத் தெரியாது. வண்டி ஓடுகிற வரைக்கும் நாம் சொல்வதையெல்லாம் கஸ்டமர் நம்புவார். நின்றுவிட்டதோ, நம் பேரைக்கூட நம்ப மாட்டார்.

தச்சநல்லூரில் ஒரு தகரக் கொட்டகையில் எனக்குக் கடை. ஒயரிங் சுடலை என்றால் தெரியும். தொண்ணூறுகளின் நடுவில் ஊருக்குள் புதுசு புதுசாகச் சின்னக் கார்கள் வந்து இறங்கின. அதில் ஒன்றாவது என் கடைக்கு வரணுமே! வந்ததெல்லாம் அந்தக் காலத்துப் பிளசர் கார். ஹாரனை அமுக்கினால் வைப்பர் ஆடும், வைப்பரைப் போட்டால் ரேடியோ நிற்கும். இதைப் படிக்கிறவர்களில் யாராவது பழைய கார் வைத்திருந்தால் சிரிக்க வேண்டாம். முதலில் போய் லைட்டை அணைத்தோமா என்று பார்த்துவிட்டு வாருங்கள். நான் இங்கனதான் இருப்பேன்.

ஒப்பந்தம்

சிவஞானம் சார்வாள் எங்கள் தெருவுக்குப் பக்கத்துத் தெரு. பெரிய வயல்கார வீட்டுப் பிள்ளை. வயலெல்லாம் போய், வாத்தியார் சம்பளம் மட்டும் மிஞ்சி, ஹெட்மாஸ்டராக ரிட்டையர் ஆனவர். ரிட்டையர் ஆன மாசமே ஒரு பழைய பிளசர் வாங்கினார். பார்த்துக் கொடுத்தவன் நான். "எஞ்சின் தங்கம் சார்வாள்" என்று சொன்னேன். அது நிஜம்தான். ஒயரிங்கைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை.

வீட்டுக்காரம்மா கோமதி, கணக்கு டீச்சர். அப்போது இன்னும் சர்வீஸில் இருந்தார்கள். வண்டி வாசலில் வந்து நின்றதும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு என் முன்னாலேயே தீர்ப்புச் சொன்னார்கள். "எங்க அப்பாவும் கார் வச்சிருந்தாரு. தெருவே சேந்து தள்ளும். தள்ளுனவன்லாம் பெறவு காப்பி குடிக்க வந்திருவான். காப்பி போட்டது நானு. அந்தச் சோலி எனக்கு இனிமே ஆவாது. உங்க வண்டி மூணு தடவ தள்ளு வாங்கட்டும், மறுநாளே பழைய இரும்புக் கடைக்குப் போயிரணும்."

சார்வாள் சரி என்று தலையாட்டிவிட்டார். ஹெட்மாஸ்டராக இருந்து ஒரு பள்ளிக்கூடத்தையே நடுங்க வைத்த மனுஷன். என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார்: "சுடலை, கல்யாணத்தன்னிக்கு அவள இரவல் காருல கூட்டிட்டு வந்தேன். எறங்குன பெறவு முப்பது வருஷமா பஸ்ஸுலதான் ஏத்துதேன். இந்த வண்டியும் போச்சுன்னா இன்னொண்ணு வாங்க எனக்கு வயசும் இல்ல, தெம்பும் இல்ல. காப்பாத்திரும் வே."

பாட்டரிக்குப் பொட்டு

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைப்பது எல்லோரும் செய்வதுதான். சார்வாள் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆளில்லை. பானெட்டைத் திறந்து, பாட்டரி ஒயரைக் கழற்றி, முனை இரண்டையும் துடைத்து, நல்லா அரைத்த சந்தனத்தைத் தடவி, அதன்மேல் குங்குமமும் வைத்து, திரும்ப ஒயரை மாட்டி இறுக்கியிருக்கிறார். பாட்டரிதானே வண்டிக்கு உயிர், அதற்கு இல்லாத பொட்டா என்று நினைத்திருப்பார் பாவம்.

விஜயதசமி லீவு முடிந்த மறுநாள் காலையில் டீச்சரம்மாவை ஸ்கூலில் விடணும். சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சந்தனம் காய்ந்து நடுவில் சுவர் மாதிரி நிற்கிறது, கரண்ட் எப்படிப் போகும்? நான் சைக்கிளை மிதித்துப் போய்ச் சேர்வதற்குள் தெருக்காரர்கள் ஆறு பேர் கூடித் தள்ளிக் கிளப்பிவிட்டார்கள். அதில் ஒருத்தர், 'காப்பி எங்க அண்ணாச்சி?' என்று கேட்டும்விட்டார். டீச்சரம்மா முகத்தை நான் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் சந்தனத்தைச் சுரண்ட, சார்வாள் "பக்தியிலதான வே செஞ்சேன்" என்று முனகினார். டீச்சரம்மா சமையல்கட்டுக் காலண்டரில் ஒரு கோடு போட்டுவிட்டு வந்து சொன்னார்கள்: "சாமிக்குப் பொட்டு வச்சா சாமி நடக்கவா செய்யுது? வச்ச எடத்துலதான நிக்கும்! ஒண்ணு ஆச்சு."

ஹேண்டில்

அந்தக் காலத்து வண்டிகளுக்கு முன்பக்கம் ஓட்டையில் ஒரு இரும்பு ஹேண்டிலைச் செருகிச் சுற்றினாலும் எஞ்சின் கிளம்பும். ஒரு நாள் மழைத் தூறலில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனார்கள். மழை விட்டது, லைட்டை அணைக்க மறந்துவிட்டார். சாப்பிட்டு, தாம்பூலம் வாங்கி வெளியே வந்தால் பாட்டரி சுத்தமாக இறங்கிக் கிடக்கிறது.

தள்ளினால் ரெண்டாகிவிடுமே! சார்வாள் மூளையைப் பாருங்கள், டிக்கியில் இருந்து ஹேண்டிலை எடுத்திருக்கிறார். "ஏளா கோமதி, இது தள்ளு இல்ல, சுத்து" என்று சொல்லிவிட்டுச் சுற்றினார். ஹேண்டில் ஒரு உதை திருப்பி உதைத்தது. பெருவிரலை ஹேண்டிலுக்கு மேலே சுற்றிப் பிடிக்கக் கூடாது, நாலு விரலோடு சேர்த்து ஒரே பக்கமாக வைக்கணும் என்று நான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். கேட்டால்தானே? வண்டி கிளம்பிவிட்டது. அதற்கு முன்னால் மணிக்கட்டு வீங்கிவிட்டது.

மறுநாள் நான் பாட்டரியைச் சார்ஜ் ஏற்றி எடுத்துக்கொண்டு போனபோது கையில் எண்ணெய்த் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிக்கியில் ஹேண்டிலைக் காணோம். டீச்சரம்மா அதைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்களாம். நான் சும்மா இல்லாமல், "சார்வாள் சொல்லுதது நாயந்தான டீச்சரம்மா, யாரும் தள்ளலியே" என்றேன். என்னைக் கரும்பலகைக்கு முன்னால் முழிக்கிற பையனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

"ஏய்யா சுடலை, அஞ்சும் மூணும் எட்டு, ஆறும் ரெண்டும் எட்டு. வழி எதுவானாலும் விடை ஒண்ணுதான். வண்டி தானாக் கெளம்பல்ல. ரெண்டு ஆச்சு."

சாம்பிராணி

இன்னும் ஒன்றுதான் பாக்கி என்றதும் சார்வாளுக்குத் தூக்கம் போய்விட்டது. இரும்புக் கடைக்காரர் வேறு, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வண்டியைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கும் உறுத்தல். வண்டியைத் தலையில் கட்டியவன் நான்தானே.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை. டீச்சரம்மாவுக்கு ரேடியோப் பாட்டு என்றால் உயிர். லீவு நாளில் பதினொரு மணிக்குப் பழைய பாட்டுப் போடுவார்கள். அந்த நேரத்துக்கு அவர்கள் வீட்டில் மிக்ஸிகூட ஓடக் கூடாது. வண்டியில் ஒரு ரேடியோவை வைத்துவிட்டால் மனசு இளகாதா? ஜங்ஷனில் ஒரு செகண்ட்ஹேண்ட் செட்டை வாங்கி மாட்டினேன். டீச்சரம்மா முன் சீட்டில் உட்கார்ந்து பார்க்க, சுவிட்சைப் போட்டேன். புகை!

தப்பு என் பேரில்தான், ஒளிக்கவில்லை. இப்போது வருகிற எல்லா வண்டியிலும் பாட்டரியின் மைனஸைத்தான் வண்டியின் இரும்பு பாடியோடு சேர்த்திருப்பார்கள். இந்த மாதிரி ரொம்பப் பழைய வண்டிகள் சிலதில் பிளஸ் சேர்ந்திருக்கும். இதைத் தொழிலுக்கு வந்த முதல் வாரத்திலேயே சொல்லித் தருவார்கள். இருபது வருஷம் கழித்து நான் கோட்டிக்காரன் மாதிரி மறந்து, ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டேன். செட் போச்சு. என் கைக்காசில் இன்னொரு செட் வாங்கி ஒழுங்காக மாட்டும்போது, டீச்சரம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்கள்:

"ஊருல இருக்க ரேடியோவெல்லாம் பாட்டுப் பாடும். ஒம்ம ரேடியோ சாம்பிராணியில்ல போடுது!"

கொர்ர்

ரெண்டாவது செட் பாடியது, அருமையாகப் பாடியது. எஞ்சின் அணைந்திருக்கும் வரைக்கும். ஸ்டார்ட் செய்தால் 'கொர்ர்'. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கத் தவளைக் கூட்டம் மாதிரி குரல் ஏறும். எஞ்சினில் தீப்பொறி விழும் சத்தத்தையெல்லாம் ரேடியோ பிடித்துக்கொள்ளும். அதை அடக்க கண்டன்சர் என்று சுண்டுவிரல் அளவில் ஒரு சாமான் உண்டு. அரை மணி நேர வேலைதான்.

"நாளைக்கு வைக்கேன் சார்வாள்" என்றேன். ஏன் அன்றைக்கே வைக்கவில்லை என்று கேட்காதீர்கள். எங்கள் தொழிலில் நாளைக்கு என்பது ஒரு மரியாதைச் சொல். அப்படியே மூன்று வாரம் ஓடியது. அதற்குள் டீச்சரம்மா ஒரு வழக்கம் பழகிவிட்டார்கள். பதினொரு மணி ஆனால் எங்கே போய்க்கொண்டிருந்தாலும் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, எஞ்சினை அணைத்து, பாட்டுக் கேட்டு முடித்த பிறகுதான் கிளம்புவார்கள். சார்வாளுக்கு ஒரே சந்தோஷம். அவர் என் தோளில் தட்டிச் சொன்னார்:

"இது அசல் எங்க வீடுதான் வே. ஒருத்தர் பாடும்போது இன்னொருத்தர் மூச்சுக் காட்டக் கூடாது."

மூன்று

ஒரு சனிக்கிழமை. சேரன்மகாதேவியில் டீச்சரம்மாவின் தங்கச்சி வீட்டுக்குப் போகணும். "நீரும் வாரும், போற வழியில அந்தத் தவளைச் சத்தத்தையும் பாத்திரும்" என்று சார்வாள் என்னையும் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டார். ஊருக்குக் கொஞ்சம் முன்னால், ரெண்டு பக்கமும் வயல், தாமிரபரணி பக்கத்தில் ஓடுகிறது. மணி பதினொன்று. வண்டியை நிறுத்தினோம். "நீங்க போய்க் குளிச்சிட்டு வாங்க, நான் பாட்டுக் கேக்கேன்" என்றார்கள் டீச்சரம்மா.

ஆத்துத் தண்ணியில் இறங்கியவன் எவன் சீக்கிரம் ஏறியிருக்கிறான்? அதுவும் சார்வாள் இடுப்பளவு தண்ணியில் நின்றுகொண்டு, தென்காசி, குற்றாலம், திருச்செந்தூர் என்று டீச்சரம்மாவை எங்கெங்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. ஏறி வந்தால் வண்டிக்குள் சத்தமே இல்லை. டீச்சரம்மா ரேடியோ சுவிட்சைத் திருகிக்கொண்டிருந்தார்கள்.

"பாட்டு மெல்ல மெல்லக் கம்மியாச்சு. பெறவு நின்னுட்டு" என்றார்கள்.

இதுவும் என் வேலைதான். ஒற்றைக் கண்டன்சரை வைத்திருந்தால் போகிறபோக்கில் பாட்டுக் கேட்டிருப்பார்கள், பாட்டரி இறங்கியிருக்காது. சார்வாள் சாவியைத் திருப்பினார். 'டிக்.' இன்னொரு தடவை திருப்பினார். அந்தச் சத்தமும் வரவில்லை. ஹேண்டிலோ வீட்டில் பீரோவுக்குள். மனுஷன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

கொஞ்சம் தள்ளி வயலில் ஏழெட்டுப் பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நான் கூப்பிடலாம் என்று கையைத் தூக்கினேன். "கைய எறக்கும்!" என்று ஒரு அதட்டல். டீச்சரம்மா கதவைத் திறந்து இறங்கி, செருப்பைக் கழற்றி வண்டிக்குள் போட்டு, முந்தானையை இழுத்துச் செருகினார்கள். "ஏய்யா, நீரு அந்தப் பக்கம் பிடியும். என்னங்க, ரெண்டாவது கியரப் போட்டு உக்காருங்க. நான் சொல்லும்போது கிளச்ச விடணும், முன்னால விட்டீங்கன்னா தெரியும் சேதி."

தள்ளினோம். அந்த வண்டி என்ன கனம் கனத்தது என்பது எனக்கும் அவர்களுக்கும்தான் தெரியும். இருபது அடி, முப்பது அடி. "விடுங்க!" என்று கத்தினார்கள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பிவிட்டது. நிறுத்தினால் அணைந்துவிடும் என்று பயந்து சார்வாள் பாட்டுக்கு உருட்டிக்கொண்டே போக, நானும் டீச்சரம்மாவும் பின்னாலேயே ஓடி, ஓடுகிற வண்டியில் ஆளுக்கொரு பக்கம் தொற்றி ஏறினோம். ஐம்பத்தாறு வயசு அவர்களுக்கு!

மூச்சு வாங்குவது அடங்கியது. பிறகு சார்வாள் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார். "ஏளா... மூணு ஆயிட்டுல்லா?"

"எது மூணு?"

"இப்ப தள்ளுனது."

"ஊருக்காரன் தள்ளுனாத்தான் கணக்கு" என்றார்கள் டீச்சரம்மா, கையில் ஒட்டின தூசியைத் தட்டிக்கொண்டே. அப்போ நான் யாராம் என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. சார்வாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்க்காத மாதிரி டீச்சரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அதுநாள் வரைக்கும் 'உங்க வண்டி' என்றே சொல்லிவந்தவர்கள் சொன்னார்கள்:

"நம்ம வண்டிய நான் தள்ளுனா கேக்கதுக்கு எவன் இருக்கான்? ரோட்டப் பாத்துப் பைய ஓட்டுங்க."

ஆகவே, பழைய கார் வைத்துக்கொண்டு என்னைப் போல் அல்லாடும் அண்ணாச்சிமாரே, பாட்டரியில் தண்ணி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், வீட்டுக்காரம்மாவுக்கு எந்த நேரத்துப் பாட்டு பிடிக்கும் என்று ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.