சைடுகாரில் ஓர் உப்பு மூட்டை

என் கையெழுத்து கோணல், பிழையும் நிறைய இருக்கும், மன்னியுங்கள். ஐந்தாம் வகுப்போடு மரக்காணம் உப்பளத்துக்கு வேலைக்குப் போனவன் நான்.

என் மனைவிக்கு முழங்கால் மடங்காது. பஸ் படி ஏற முடியாது. புதுச்சேரியில் மகளுக்குக் குழந்தை பிறந்தால் மனைவியை அழைத்துப்போகவே சைடுகார் வைத்த பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினேன். அவள் சுலபமாக ஏற, சைடுகாரின் பக்கத்தகட்டை வெட்டிக் கதவு வைத்தேன். தேங்காய்நார் மெத்தை தைத்தேன். ஆனால் இடப்பக்கம் திரும்பினால் காலி சைடுகார் மேலே தூக்கியது. ஏன் என்று யோசித்து, ஓர் உப்பு மூட்டையை ஏற்றிப் பார்த்தேன். வண்டி அடங்கியது. மழைக்காலம் முழுக்க மூட்டையை இறக்கவில்லை.

பேரன் பிறந்த சேதி வந்தது. மூட்டையைத் தூக்கினேன். உப்புநீர் கசிந்து துருப்பிடித்த அடித்தகடும் சேர்ந்து வந்தது. கூனிக்குறுகி நின்றேன்.

“உப்பளத்துலயே கெடக்குறீங்க, உப்பு இரும்பைத் தின்னும்னு தெரியலியா?” என்று மனைவி சிரித்தாள். உப்பு வாரும் பலகையை எடுத்துவந்து ஓட்டைமேல் போட்டாள். “இதுமேல குந்திக்கினு வர்றேன், ஓட்டுங்க.”

வழியெல்லாம், “இது எந்த ஊருங்க?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் என்று சொல்லச் சொல்ல, அவளும் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். இத்தனை வருடமாக அவளுக்கு ஊர் பார்க்கும் ஆசையே இல்லை என்று நினைத்திருந்தேன்.

பங்குனி மாதம், 1978.