எல்லம்மா என்கிற கூழைக்கடா

எல்லம்மாவை எனக்கு முதலில் மனுஷியாகத்தான் தெரியும். அவள் கூழைக்கடா என்று தெரியவந்தது போன தை மாதம்.

பழவேற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மாசிலாமணி நான். யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். எழுதிக் கொடுப்பதோடு நிற்காமல் நியாயமும் பேசுவேன். அது என் வியாதி.

எல்லம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். இருளர் குடியிருப்பில் வீடு. வலை கிடையாது, படகு கிடையாது. ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் முட்டி போட்டு நகர்ந்துகொண்டே, சேற்றைத் துழாவிக் கையால் இறால் பிடிப்பாள். இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியை வாயில் கடித்துத் தொங்கவிட்டிருப்பாள். முப்பத்தைந்து வருஷம் கடித்ததில் முன்பல் இரண்டு போய்விட்டன. கெளுத்தி முள் குத்தினால் கத்தக்கூட முடியாது, வாயைத் திறந்தால் பறி போய்விடும். அவளோடு இன்னும் பத்துப் பெண்கள். ஆழமான இடமெல்லாம் வலைக்காரர்களுக்கு. இவர்களுக்கென்று இருப்பது கரையோரத்தில் ஒரு துண்டுத் தண்ணீர்தான். அதுவும் போனால் செங்கல் சூளையில் அடிமை வேலைதான்.

அந்தத் துண்டில்தான் ஒரு பறவைப் பாதுகாப்பு அமைப்பு கம்பம் நட்டு கேமராவும் சைரனும் மாட்டியது. பறவைகள் நிம்மதியாக இருக்க வேண்டுமாம், மனுஷர் யாரும் அங்கே இறங்கக் கூடாதாம். இறங்கினால் அதுவே கண்டுபிடித்து ஊளையிடும், காவல்காரன் ஓடி வந்து விரட்டுவான். செயற்கை நுண்ணறிவாயிற்றே! போட்டோ எடுக்க வந்த புதுமாப்பிள்ளையைப் பார்த்து ஊளையிட்டது. அவசரத்துக்கு ஒதுங்கப் போனவனைப் பார்த்து ஊளையிட்டது. ஏரியில் கலக்கிற ஆலைத் தண்ணீரைப் பார்த்து மட்டும் மூச்சு விடவில்லை. அது மனுஷன் இல்லையே, பாவம். ஆச்சரியம் என்னவென்றால், எல்லம்மா கூட்டத்தைப் பார்த்தும் அது வாய் திறக்கவில்லை.

"நம்மளப் பாத்தா அதுக்கே பாவமா கீது போல" என்று சொல்லிவிட்டு எல்லம்மா தன் வேலையைப் பார்த்தாள்.

தை மாதம் அந்த அமைப்பில் வேலை செய்யும் அர்ச்சனா, கலர் பிரிண்ட் போட ஒரு போஸ்டர் கொண்டுவந்தாள். 'திரும்பி வந்தன கூழைக்கடாக்கள்! தினமும் பதினொன்று!' விருது வேறு கிடைத்திருக்கிறதாம். கம்பத்துக் கேமரா எடுத்த படத்தில், தூரத்தில் தண்ணீருக்கு மேலே பதினோரு தலைகள். ஒவ்வொரு வாய்க்குக் கீழேயும், கூழைக்கடாவின் அலகுக்குக் கீழே தொங்குவதுபோல, ஒரு பை தொங்குகிறது. முதல் தலையில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு. எந்த ஊர்க் கூழைக்கடா ஐயா தலையில் துண்டு கட்டும்?

எல்லம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஐயே, இன்னாண்ணா இது, நான்தான! பின்னால மாலதி!" வாயைப் பொத்திக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சிரிக்கிறியா? உன்னப் பறவைன்னு எழுதி வச்சிக்கிறானுங்க. ஒரு மனு போடுவோம்."

"வுடுண்ணா. கத்தாம கீதுல்ல, அது போதும். நீ எதையாச்சும் கிளறி வுட்டுடாத."

"மானம்னு ஒண்ணு இல்லியா உனக்கு?"

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஒத்துக்கொண்டாள். பதினோரு பேரும் வந்து கைநாட்டு வைத்தார்கள். 'மனிதரை மனிதராகவே பதிவு செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று முடித்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. அவ்வளவு பிரமாதமாக எழுதியிருந்தேன்.

இவர்கள் வீட்டுமனைப் பட்டா கேட்டு நான் எழுதிய மனு ஒன்பது வருஷமாகத் தூங்குகிறது. இதற்கு நாலே நாளில் பதில் வந்துவிட்டது. அர்ச்சனாவே குடியிருப்புக்கு வந்து தலைகுனிந்து நின்றாள். "மன்னிச்சிடுங்கம்மா, பெரிய தப்பு நடந்துடுச்சு. சரி பண்ணிட்டோம். இனிமே உங்கள மனுஷங்கன்னு கரெக்டா கண்டுபிடிச்சிடும்." உண்மையாகவே வருத்தப்பட்டாள், பாவம். நான் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை எல்லம்மா பறியைக் கடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். கம்பம் ஊளையிட்டது. கரெக்டாகக் கண்டுபிடித்துவிட்டதே, மனுஷி!

அர்ச்சனாவுக்கு போன் போட்டேன். "தடை போட்டது மேலிடம் சார். எங்க கையில இல்ல" என்றாள்.

"அங்க கூழைக்கடாவே வர்றதில்லையேம்மா, அப்புறம் யாருக்குத் தடை?"

"இனிமே வரலாம் இல்லையா சார்?"

மூன்று வாரம் ஓடிவிட்டது. நேற்று எல்லம்மா கடைக்கு வந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அண்ணா, இன்னொரு மனு எழுதிக் குடு."

"இன்னான்னு?"

"மின்ன குடுத்தது தப்பு, நாங்க கூழக்கடாதான்னு எழுது."

சிரிக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. வேறென்ன செய்ய? பழைய மனுவை கம்ப்யூட்டரில் திறந்தேன். நான் கண் கலங்கி எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு, கீழே இருந்த பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டேன்.

எல்லம்மா திரையை எட்டிப் பார்த்தாள்.

"மாலதி பேர எடுத்துடுண்ணா" என்றாள். "நேத்து புள்ளைங்களக் கூட்டிக்கினு சூளைக்குப் பூட்டா."