வால் கூண்டின் கதவு

இதை நான் யாரிடமாவது சொல்ல ஆரம்பித்தால், என் மனைவி எழுந்து உள்ளே போய்விடுவாள். நான் பொய் சொல்கிறேன் என்பதால் அல்ல. அவளும் அன்றைக்கு அங்கே இருந்தாள். நான் பார்க்காததை அவள் பார்த்தாள்.

பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று நினைத்திருந்தேன். எனக்கு நடந்தது நல்ல வெயிலில். மதியச் சாப்பாட்டு நேரத்தில்.

துறைமுகத்துக்குப் பின்னால் எனக்கு ஒரு பட்டறை இருந்தது. படகு எஞ்சின் பழுது பார்க்கும் தொழில். கூட என் மனைவியின் தம்பி. வேலையில் கெட்டிக்காரன். வாய் மட்டும் காது வரைக்கும்.

ஒரு மீன்பிடிப் படகின் வலையில் பெரிதாக ஏதோ சிக்கியது. மீன் என்று ஆசையாக இழுத்திருக்கிறார்கள். வந்தது விமானத்தின் வால். பெரிய போரில் அந்தக் கடலில் விழுந்த குண்டுவீச்சு விமானம் அது. வாலின் கடைசியில் ஒரு கூண்டு இருந்தது. பின்னால் துரத்தி வரும் விமானங்களைச் சுடுவதற்காக ஒருவன் அதற்குள் தனியாக உட்கார்ந்திருப்பானாம். ஒரு ஆள் முழங்காலை மடக்கி உட்கார்ந்தால் இடம் சரியாக இருக்கும்.

அதற்கு இரண்டு வழிகள். முதுகுக்குப் பின்னால் ஒரு தகரக் கதவு. அது விமானத்தின் உடம்புக்குள் போகிற வழி. தாழ்ப்பாள் கூண்டுக்குள்ளே, துப்பாக்கிக்காரன் பக்கம். இன்னொன்று பக்கவாட்டில் ஒரு சின்னத் திறப்பு. ஆபத்து என்றால் அதன் வழியாக வெளியே குதித்துவிடலாம்.

நகரத்துப் போர் அருங்காட்சியகம் அதைக் கேட்டு வாங்கியது. சுத்தம் செய்து, நசுங்கியதை நிமிர்த்தி, உடைந்த ஜன்னலை மாற்றித் தரச் சொன்னார்கள். நடு மண்டபத்தில் வைக்கப் போகிறார்களாம். பக்கத்தில் எங்கள் பட்டறையின் பெயரும் இருக்குமாம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அருங்காட்சியக அதிகாரி ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்.

"உள்ள எலும்போ, துணியோ, எது கிடைச்சாலும் அப்படியே நிறுத்திட்டு எனக்குச் சொல்லுங்க. போலீஸ் வரணும், டாக்டர் வரணும். வேலை அதோட நின்னுடும். இதையும் வேற ஊருக்குக் கொண்டு போயிடுவாங்க."

"அதெல்லாம் ஒண்ணும் இருக்காது சார்" என்றேன்.

வாய் முகூர்த்தம் என்பார்களே.

திங்கட்கிழமை சாயங்காலம். மச்சான் வீட்டுக்குப் போய்விட்டான். நான் தண்ணீரைப் பீய்ச்சிச் சேற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் திறப்பு அகலத் திறந்தே கிடந்தது. ஆனால் பின்கதவு அசையவில்லை. உள்ளே நுழைந்து பார்த்தேன். தாழ்ப்பாள் போட்டிருந்தது. அந்தத் தடித்த இரும்பு வளைந்து போயிருந்தது. யாரோ பலம் கொண்ட மட்டும் இழுத்துப் போட்டதுபோல.

சுத்தியலால் நாலு தட்டு. தாழ்ப்பாள் விட்டது. கதவு கூண்டுக்குள் மெல்லத் திறந்தது.

கதவின் விளிம்பிலிருந்து என் மடியில் ஏதோ விழுந்தது.

தோல் கையுறை. முழுசாக இல்லை. நாலு விரல் மட்டும். கதவிடுக்கில் சிக்கித் தட்டையாகியிருந்தது. எடுத்து லேசாக அழுத்தினேன். உள்ளே சின்னச் சின்னதாக, கெட்டியாக என்னவோ உருண்டது.

என்னவோ என்ன... எனக்குத் தெரியும். பார்த்ததுமே தெரியும்.

அதிகாரிக்குப் போன் செய்திருக்க வேண்டும். போன் மேசைமேல்தான் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பிறகு நடு மண்டபத்தை நினைத்தேன். எங்கள் பட்டறையின் பெயரை நினைத்தேன். அந்த நாலு விரலையும் பழந்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தேன்.

கடலில் இருந்து வந்தது கடலுக்கே போகட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீசினேன். 'டுபுக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. "என்னங்க, உடம்பு சரியில்லையா?" என்றாள் மனைவி. "வெயில்" என்றேன்.

மறுநாள் காலையில் பட்டறையைத் திறந்தது மச்சான்தான். நான் போனபோது கூண்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றான்.

"மாமா, நேத்து கதவைச் சாத்திட்டுத்தானே வந்தீங்க?"

"ஆமா."

"திறந்து கிடக்கு. சீட்டு பூரா தண்ணி. உங்க விருந்தாளி யாராச்சும் குளிச்சுட்டுப் போனாங்களா?"

சிரித்துக்கொண்டே அந்தத் தண்ணீரில் விரலை விட்டான். நாக்கில் வைத்தான். சிரிப்பு நின்றது.

"உப்புக் கரிக்குது மாமா."

நாங்கள் கழுவியது குழாய்த் தண்ணீரில்.

அன்று சாயங்காலம் நானே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். பக்கத்துத் திறப்பு வழியாக வெளியே வந்தேன். பட்டறை ஷட்டரை இறக்கிப் பூட்டினேன். சாவி என்னிடம்தான்.

மறுநாள் காலையில் கதவு தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. அப்பாடா என்று மறுபக்கம் போனேன். கதவுக்கு அந்தப் பக்கம் விமானத்தின் உடம்பில் ஒரு கை நீளம்தான் மிச்சம். மீதி போரிலேயே போய்விட்டது. அங்கிருந்து கதவின் வெளிப்பக்கத்தைப் பார்த்தேன்.

ஈரத் தடங்கள். மேலே, கீழே, ஓரத்தில். கதவு முழுக்க. கைத்தடங்கள்.

குனிந்து உற்றுப் பார்த்தேன். உள்ளங்கை இருந்தது. கட்டைவிரல் இருந்தது.

மற்ற விரல்கள் இல்லை.

ஒரு தடத்தில்கூட இல்லை.

மச்சான் வருவதற்குள் துணியை எடுத்துத் துடைத்தேன். துடைக்கும்போது கதவு சில்லென்று இருந்தது. துடைத்த இடம் உடனே வியர்த்தது.

அன்று பத்து மணிக்கு அதிகாரி போன் செய்தார். குஷியாக இருந்தார்.

"விமானம் எதுன்னு கண்டுபிடிச்சுட்டோம். அதுல அஞ்சு பேர். வால் கூண்டுல இருந்தவர் மட்டும் குதிச்சுத் தப்பிச்சார். மத்த நாலு பேரும் கிடைக்கவே இல்ல. பாவம், ரேடியோக்காரரோட தங்கச்சி இன்னும் உயிரோட இருக்காங்க. ஒரு சட்டைப் பொத்தான் கிடைச்சாக்கூடப் போதும், அண்ணன்னு நினைச்சுப் புதைப்பேன்னு சொல்றாங்க. ஒண்ணும் கிடைக்கலையே உங்களுக்கு?"

"இல்ல சார்."

இரண்டாவது தடவை. முதல் தடவை சொன்னது வாய்த்தவறு. இந்தத் தடவை அப்படி இல்லை.

போனை வைத்துவிட்டுப் படகுத்துறைக்கு ஓடினேன். மீன் அள்ளும் கைவலையைக் கடன் வாங்கி, நான் வீசிய இடத்தில் துழாவினேன். சேறு வந்தது. பாசி வந்தது. ஒரு பழைய செருப்பு வந்தது. "என்ன தொலைச்சீங்க?" என்று ஒரு படகுக்காரர் கேட்டார். கடல் என்ன, என் வீட்டு அலமாரியா... வைத்த இடத்தில் எடுக்க?

அடுத்த நாள் வேலை மிச்சம் கொஞ்சம்தான். புது ஜன்னலைப் பொருத்திவிட்டால் அனுப்பிவிடலாம். போய்த் தொலையட்டும் என்றிருந்தது. மச்சான் ஆணி வாங்கப் போயிருந்தான். நான் கூண்டுக்குள் உட்கார்ந்து ஜன்னல் சட்டத்தை முடுக்கிக்கொண்டிருந்தேன். காற்று வரட்டும் என்று பின்கதவைத் திறந்தே வைத்திருந்தேன்.

மணி ஒன்று இருபது. எதிர்ச் சுவரில் கடிகாரம். பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது.

முதலில் வாசனை வந்தது. எண்ணெய் கருகுகிற வாசனை. வெல்டிங் எதுவும் ஓடவில்லை. பட்டறையில் நான் மட்டும்தான்.

பிறகு முதுகு குளிர்ந்தது. உச்சி வெயிலில்... ஈரத்துணியைப் போர்த்தியதுபோல.

"மச்சான்?"



சொட்... சொட்... சொட்...

என் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டியது. தகரத்தின் மேல்.

கூண்டுக்குள் வெளிச்சம் குறைந்தது. கதவு வழியாக வந்த வெளிச்சத்தை எதுவோ மறைத்தது.

திரும்பிப் பார்க்கவில்லை. சத்தியமாக என்னால் முடியவில்லை. கையைப் பின்னால் விட்டேன். கதவு தட்டுப்பட்டது. ஓங்கிச் சாத்தினேன். தாழ்ப்பாளை இழுத்துப் போட்டேன்.

தப்.

கதவு அதிர்ந்தது.

தப்... தப்...

விரல் முட்டியால் தட்டினால் 'டொக்' என்று கேட்கும். இது அப்படி இல்லை. மொத்தையாக இருந்தது. வெறும் உள்ளங்கையால் அடிக்கிற சத்தம்.

மூச்சு கேட்டது. இரைக்கிற மூச்சு. பேச்சு இல்லை. ஒரு வார்த்தை இல்லை.

தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். திறந்துவிட்டிருக்கலாம். அவன் கேட்டது அது ஒன்றுதான். அது அப்போதே எனக்குத் தெரிந்தது.

தெரிந்தும் பிடித்துக்கொண்டேன்.

தப்.

தப்.

தப்...

"என்னங்க!"

மனைவியின் குரல். சாப்பாடு கொண்டு வந்திருக்கிறாள். பட்டறை வாசலில் பாத்திரம் விழுந்து உருண்டது.

"என்னங்க... உங்க பின்னாடி..."

அலறினாள். ஆனால் ஓடவில்லை. அவள் குணம் அது. நேராக ஓடி வந்து, பக்கத்துத் திறப்பில் கையை விட்டு, என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். தோள் சிராய்த்தது. தலை சட்டத்தில் இடித்தது. இரண்டு பேரும் தரையில் விழுந்தோம்.

சத்தம் நின்றது.

கதவின் மறுபக்கத்தில் யாரும் இல்லை. தரையில் தண்ணீர் மட்டும். அங்கே ஒருவன் வெகுநேரம் நின்றதுபோல ஒரு குளம். அங்கே வந்ததற்கும் போனதற்கும் ஒரு சொட்டு அடையாளம் இல்லை.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என்ன பார்த்தாய், என்ன பார்த்தாய் என்று கேட்டேன். படியேறும்போதுதான், என் முகத்தைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னாள்.

"பாவங்க. அவன் உங்களை ஒண்ணும் செய்ய வரல. உள்ள வர்றதுக்குக் கெஞ்சுறான். கதவைப் பிடிக்கத்தான்... அவனுக்குக் கை சரியில்ல."

கையுறையைப் பற்றி நான் அவளிடம் அதுவரை ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

அந்த வாரமே கூண்டை அனுப்பிவிட்டோம். மிச்ச வேலையை மச்சான் பட்டறைக்கு வெளியே வைத்து முடித்தான். ஏன் என்று அவன் கேட்கவில்லை. அன்றைக்கு முதல்முறையாக அவன் வாய்க்குப் பூட்டு.

சில மாதம் கழித்து மண்டபத்தைத் திறந்தார்கள். நான் போயிருக்கக் கூடாது. ஆனால் போனேன். பட்டறையின் பெயரைப் பித்தளைத் தகட்டில் அழகாகப் பொறித்திருந்தார்கள். என்னால் அதை ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை.

நாற்காலி வரிசையில் மிகவும் வயதான ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். ரேடியோக்காரரின் தங்கச்சி. கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கமே போகவில்லை.

அப்போது நடுத்தர வயதுப் பெண் ஒருவர் என்னைத் தேடி வந்தார்.

"இதைச் சரி பண்ணினது நீங்கதானா? இதுல உட்கார்ந்து தப்பிச்சவர் என் அப்பா."

கைகூப்பினேன்.

"அப்பா இருந்திருந்தா வந்திருப்பாரான்னு தெரியல. அந்த நாளைப் பத்திப் பேசவே மாட்டார். கேட்டா ஒரே பதில்தான். 'பின்னாடி ஒரே நெருப்பு. யாரும் வரல. வந்தா கதவைத் திறந்திருப்பேன்.' சாகுற வரைக்கும் அதையேதான் சொன்னார்."

அந்த வளைந்த தாழ்ப்பாளை நிமிர்த்தியவன் நான். என்ன சொல்வது? தலையை ஆட்டினேன்.

"எப்ப தவறினார்?" என்றேன். ஏதாவது கேட்க வேண்டுமே என்றுதான் கேட்டேன்.

"நீங்க இந்த வேலை பாத்துட்டு இருந்தப்பதான். கூண்டு கிடைச்ச விஷயத்தை அவர்கிட்ட நாங்க சொல்லவே இல்ல. அதிர்ச்சி ஆயிடக் கூடாதேன்னு." கொஞ்சம் தயங்கினார். "கடைசி நாள் காலையில நல்லாத்தான் எழுந்தார். திடீர்னு கதவைப் பாத்துப் பேச ஆரம்பிச்சுட்டார். அங்க யாருமே இல்ல. 'என்கிட்ட இல்லடா... சத்தியமா என்கிட்ட இல்ல...' மத்தியானம் வரைக்கும் அதே பேச்சு. அழுகை வேற. என்னப்பா இல்லன்னு கேட்டேன்..."

"என்ன சொன்னார்?"

"'விரலைக் கேக்கிறான்'னு சொன்னார். உங்களுக்கு ஏதாவது புரியுதா?"



"அது... என்ன கிழமை?"

"செவ்வாய்க்கிழமை. ஏன் கேக்குறீங்க?"

நான் அதைக் கடலில் வீசியது திங்கட்கிழமை சாயங்காலம். அதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அந்தப் பெரியவர் வாழ்நாளெல்லாம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் கடைசியாகச் சொன்னது பொய் இல்லை.

விரல் அவரிடம் இல்லை.