செத்த கன்றுகளின் படம்

நான் தோட்டத்தில் வளர்ந்தவள். கன்று செத்தால் குழியைக் காலியாக விடமாட்டோம், உடனே வேறொன்றை நட்டுவிடுவோம். கோவையில் எங்கள் வேளாண் கல்லூரிப் பண்ணையில், வறட்சி தாங்கும் தென்னை ரகம் ஒன்றை ஆராய்ந்தபோதும் அதையே செய்தேன். இருபது கன்றுகளில் ஒன்பது காய்ந்துபோயின. ஒன்பதையும் மாற்றி நட்டுவிட்டு, 'இருபதும் பிழைத்தன' என்று அறிக்கை எழுதினேன்.

அடுத்த வருடம் பிலிப்பைன்ஸ் நாட்டு இளம் விஞ்ஞானிகள் சிலர், தாங்கள் இந்தத் துறையில் வளர்ந்த கதையை எங்களுக்கு இணையவழியில் சொன்னார்கள். அதில் ஒரு பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். விருதுகளைக் காட்டுவார் என்று நினைத்தேன். புயலில் உப்புநீர் ஏறிச் செத்துப்போன தன் நெல் வயலைத்தான் முதலில் காட்டினார்.

"என் முதல் ஆய்வு தோற்றது. அப்படியே எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்துத்தான் எனக்கு வேலை கொடுத்தார்கள்" என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை.

மறுநாளே காங்கேயத்துக்குப் பஸ் ஏறினேன். என் அறிக்கையை நம்பி மூன்று ஏக்கரில் அந்த ரகத்தை நட்டிருந்த விவசாயி பழனிசாமி அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என்னைத் தோட்டத்துக்குள் கூட்டிப்போனார். கன்றுகளில் பாதிக்குமேல் காய்ந்து நின்றன.

"தண்ணி பத்தலையோன்னு என்னையவே நொந்துக்கிட்டு இருந்தனுங்க அம்மணி" என்றார்.

"போட்டோ எடுத்துக்கட்டுங்களாண்ணா?"

"எடுத்துக்குங்க. இதையாச்சும் உள்ளபடி எழுதிப்போடுங்க."

அந்தப் படம்தான் இப்போது என் ஆய்வேட்டின் முதல் பக்கம். அந்தப் பெண் காட்டியது அவருடைய வயலை. நான் காட்டுவது அண்ணனின் தோட்டத்தை.