பூனைக்காலிக்கு ஒரு புது விதி

பகடை உருட்டிக் கதை சொல்லி ஆடும் எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில், கதையில் வரும் காட்டுக்காக நான் உருவாக்கிய விஷக்கொடி போன வாரம் நண்பர்கள் ஆடிய நான்கு வீரர்களையும் கொன்றுவிட்டது. "மாம்பலத்துலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வர்றது ஒரு செடிகிட்ட சாகவா மச்சி?" என்று கேட்டுவிட்டுப் போன திவ்யா, அப்புறம் பேசவே இல்லை.

இன்று கொடியைத் திருத்த உட்கார்ந்தேன். கீழ்வீட்டிலிருந்து தேங்காயெண்ணெய் காய்ச்சும் வாசனை வந்தது. சட்டென்று பெசன்ட் நகரின் அந்தக் காலி மனை நினைவில் எழுந்தது.

சின்ன வயதில் அங்கே பந்தெடுக்கப் புகுந்தபோது பூனைக்காலிக் காய் உரசி, கழுத்தெல்லாம் தீயாய் அரித்தது. கூட ஆடியவர்கள் ஓடிவிட்டார்கள். எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சர் மட்டும், வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த தேங்காயெண்ணெய்க் குப்பியோடு வந்தார். அவர் வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து.

"கைய எடு கண்ணு. நீ சொறிஞ்சா பரவும். நான் தடவறேன்."

தடவியதில் அவர் கையும் அரிக்க ஆரம்பித்தது. சிரித்தபடி குப்பியை என்னிடம் கொடுத்துக் கையை நீட்டினார்.

இப்போது என் கொடி யாரையும் கொல்லாது, அரிக்கும். அரிப்பெடுத்தவர் தனக்குத்தானே எண்ணெய் போட்டுக்கொள்ள முடியாது; இன்னொருவர் வாளைக் கீழே வைத்துவிட்டு வந்து தடவ வேண்டும்.

விதியைத் திவ்யாவுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "எண்ணெய் பாட்டில் என்கிட்ட இருக்கட்டும்."